காலிக் கட்டம்

ஒன்பது நாள் பிள்ளையோடு ஜெப்ஸி ஆஸ்பத்திரியிலிருந்து தன் பழைய வீட்டுக்குத் திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. துறைமுகத்துக் கரித்தூள் சன்னல் கட்டையில் படிந்திருந்தது. கணவர் எஸ்றா மருந்துக் கடைக்குப் போக, அவள் பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் கிடத்தினாள்.

பிள்ளை அவளிடம் பால் குடிப்பதில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; புட்டியையும் துப்பும். பால் கட்டி அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. வெளியே சொல்லப் பயம். காலையில் எடை போட்ட நர்ஸ் சக்கீனா சிரித்தாள்.

"நல்லாக் குடிக்கான் போல அக்கா. பொறந்த எடைக்கு மேல இருநூறு கிராம் கூடியிருக்கு."

ஜெப்ஸி எடைச் சீட்டை வாங்கி மறுபடி வாசித்தாள்.

குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றில் அவள் ஆய்வகப் பொறுப்பாளர். ஊருக்கெல்லாம் கருவை உருவாக்கிக் கொடுத்தவளுக்குத் தன் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கீழவைப்பாரிலிருந்து ஷீஜாவும் புருஷனும் தங்கள் கருவை உறையவைக்க வந்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம்: இருவரும் இறந்துபோனால் கருவை என்ன செய்வது? ஷீஜா பேனாவை எடுத்தாள். நல்ல காரியத்தில் சாவுப் பேச்சு எதற்கு என்று ஜெப்ஸிதான் தாளை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு நல்ல மனசோடுதான் சொன்னாள்.

ஆறே மாதத்தில், திருவிழாவுக்குப் போன வள்ளம் கவிழ்ந்து இருவரும் கடலோடு போனார்கள். கட்டம் காலியாகவே கிடந்தது. சட்டத்திலும் இதற்குத் தெளிவாக ஒன்றுமில்லை, கேட்கவும் நாதியில்லை என்றார் பெரிய டாக்டர். விஞ்ஞானம் குதிரையில் போகிறது. சட்டம் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஜெப்ஸி அந்தக் கருவைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டாள்; அதுதான் இந்தப் பிள்ளை. திருட்டுதான்; வேறென்ன பேர்?

தொட்டில் ஆடியது.

காற்று இல்லை.

கடல் பாசி அழுகும் வாடை அறைக்குள் நிறைந்தது. தொட்டிலுக்குள் சப்பும் சத்தம், நிதானமாக.

ஜெப்ஸி ஓடிப்போய்ச் சேலையை விலக்கினாள். பிள்ளை வெறும் காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் வழிந்தது. அவள் அள்ளி எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

"இது எம் புள்ள," என்றாள். "நாந்தான் பெத்தேன்."

காதோரம் ஈர மூச்சு பட்டது.

"எழுதத்தான் பேனாவ எடுத்தேன். நீ எழுத விடலியே."

நெஞ்சில் ஒரு தள்ளு. ஜெப்ஸி தரையில் விழுந்தாள். ரவிக்கை முழுக்கத் தன் பாலால் நனைந்து, எழ முடியாமல் கிடந்தாள். தொட்டில் சேலை தானாக மூடிக்கொண்டது.

உள்ளே யாரோ பிள்ளையின் முதுகில் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது.

பிள்ளை ஏப்பம் விட்டது.