சூடு ஆறாதவள்

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. நெவாடா பாலைவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் காரை நிறுத்திவிட்டு, அமெரிக்க விமானப்படை முகாமில் ஜன்னலே இல்லாத ஓர் இரும்பு அறைக்குள் வேலைக்கு நுழைந்தாள் ரோவீனா. உள்ளே இருட்டு, ஏசிக் குளிர், ஊசிப்போன காப்பி நெடி. உலகத்தின் மறுபக்கத்தில் பறக்கும் ஆளில்லா விமானத்தை பிரெண்டன் ஓட்டுவான். அதன் கேமராவும், குண்டுக்கு வழிகாட்டும் லேசரும் இவள் கையில். ஆள் பற்றாக்குறை. லீவு கேட்டுக் கேட்டு இவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

"என்ன ரோ, பேய் மாதிரி வர்ற?" என்றான் பிரெண்டன்.

"பேய்க்காவது லீவு உண்டுடா."

திரையில் அந்த மண் வீடு. கேமராவுக்குச் சூடுதான் தெரியும். உயிருள்ள உடம்பு வெள்ளையாக மின்னும். போன மாதம் இதே முற்றத்தில் இவள் லேசர் பிடிக்க, குண்டு விழுந்தது. கொடியில் துணி எடுக்க வந்த பெண் ஒருத்தி கிடந்தாள். உடம்புச் சூடு ஆற ஆற அந்த வெள்ளை சாம்பல் நிறமாகி, மண்ணின் நிறத்தோடு கலந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பதும் இவள் வேலைதான். பார்த்தாள்.

இன்று மறுபடியும் உத்தரவு. தேடப்படுகிற ஆள் உள்ளே இருக்கிறானாம். முற்றம் காலி என்று இவள் சொல்ல வேண்டும்.

முற்றத்தில் அவள் நின்றாள்.

வெள்ளை வெளேரென்று.

அண்ணாந்து பார்த்தபடி.

"பிரெண்டன்... அந்தப் பொம்பள தெரியுதா?"

"எந்தப் பொம்பள? காலியாத்தான் இருக்கு ரோ."

கேமராவுக்குக் காது கிடையாது. ஆனாலும் ஹெட்செட்டில் ஈரத் துணி உதறும் சத்தம்.

பின்னால் நின்ற மேஜர் குனிந்தார். "களைப்பும்மா உனக்கு. இத முடிச்சிட்டுப் போய்த் தூங்கு."

ரோவீனா ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"களைப்புதான் சார். அதுக்காகக் கண்ணு அவிஞ்சு போகல. அவ நிக்கிற வரைக்கும் நான் லேசரத் தொட மாட்டேன்."

"வேலை போயிடும்."

"தாராளமா. இதே கையாலதான் அவளக் கொன்னேன். ரெண்டாந்தடவ கொல்லச் சொல்லாதீங்க."

மேஜர் அடுத்த அறையிலிருந்து கோல்பியைக் கூப்பிட்டார். எதற்கும் அசையாத ஆள் என்று பேரெடுத்தவன்.

"எந்திரிம்மா, போய் யோகா கீகா பண்ணு" என்று சிரித்துக்கொண்டே அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். லேசர் பிடியில் கை வைத்தான்.

சிரிப்பு நின்றது.

"சார்..." குரல் கிசுகிசுத்தது. "இவ ஏன் என்னையே பாக்குறா?"

மேஜர் பாய்ந்து திரையை அணைத்தார்.

வீடு மறைந்தது. முற்றம் மறைந்தது.

கறுத்த கண்ணாடியில் அவள் மட்டும் நின்றாள், வெள்ளையாக.

உங்கள் வீட்டில் படுத்த பிள்ளைகள் எல்லாரும் விடிந்ததும் எழுந்து, பசிக்கிறது என்று வீடே அதிரக் கத்தட்டும், கண்ணுகளா.