கட்டிலடிப் பாட்டில்

நிரம்ப வேண்டிய பாட்டில் குறைந்துகொண்டிருந்தது.

நர்ஸ் சுலோசனா குனிந்து பார்த்தாள். மத்தியானம் அவள் பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரித் துண்டுவரை இருந்த மூத்திரம், இப்போது இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பினாயில் நெடியும் சன்னல் வழியே வந்த கடற்காற்றும் கலந்து அடித்த அந்த அறையில், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பென்ஷன்காரர் மிஷேல் காய்ச்சலில் பல் கிட்டக் கட்டிலோடு ஆடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் மூலையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் செய்த வேலை. காலையில் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வருவதற்குள், அவர் மனைவி ஏலேன் பாட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துப் போர்வையால் மூடிவிட்டிருந்தாள். மேலே வைத்தால் அழுக்கு மூத்திரம் அவருக்குச் செருகிய குழாய் வழியே திரும்ப உள்ளே போய்விடும் என்று சுலோசனா படித்துப் படித்துச் சொல்லியாயிற்று.

“நாலு பேரு பாக்கறாங்க நர்சம்மா. மானமா வாழ்ந்தவரு.”

“மானம் இருக்கட்டும் மதாம். உசுரு போயிடும்.”

அப்போதே பாட்டிலைத் தரையில் வைத்தாள். இதோ, தரையில்தான் இருக்கிறது. ஆனாலும் கலங்கிய மஞ்சள் நீர், ரப்பர் குழாயின் நடுவே இருந்த கண்ணாடித் துண்டில், மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

சுலோசனா மண்டியிட்டாள். இடுக்கியால் குழாயைக் கவ்வினாள். இடுக்கிக்குக் கீழே ரப்பர் உப்பியது. சுட்டது. இடுக்கி தெறித்து விழுந்தது.

மிஷேல் அலறினார். அடிவயிறு பானைபோல் எழும்பியது. குழாயை உருவப் பார்த்தாள். வரவில்லை. அவர் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, நெற்றியைக் கட்டில் கம்பியில் மோதினார். மறுபடியும் மோதினார். கண்ணில் ரத்தம் வழிய, அவள் கத்தரியைத் தேடி எடுத்துக் குழாயை வெட்டினாள்.

அவர் பக்கத்து முனையில் ஒன்றும் சொட்டவில்லை. அது உஸ்ஸென்று காற்றை உள்ளே உறிஞ்சியது.

“வெளிய விடு,” என்றார் மிஷேல். கத்தரியைப் பிடுங்கினார். தன் அடிவயிற்றிலேயே குத்தினார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். பேச்சுக்குரல்கள். சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள்.

“ஆளுங்க வராங்க,” என்றாள் ஏலேன். செபமாலையை மடியில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். வெள்ளைப் போர்வையை அவர் மார்புவரை இழுத்து, ஓரங்களைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

போர்வைக்கடியில் கத்தரி பிடித்த அவர் கை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.