நாலு நாள் காயணும்

"ரெண்டு கம்பி அறுந்து போச்சுங்களா? அதையும் மாட்டிட்டுக் கொண்டாந்திருக்கலாமே..."

மரிய புஷ்பம் அக்கறையாகத்தான் கேட்டாள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசிக்கிறவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அதில் ஆறு கம்பி. இந்த ஆள் யூரியா சாக்கைப் பிரித்து வெளியே எடுத்ததில் நாலுதான் இருந்தது. கேட்டது தப்பா?

தப்புதான் போல. சொட்டச் சொட்ட நனைந்து நின்றவன், மூக்கு நுனியில் தொங்கிய மழைத்துளியைக்கூடத் துடைக்காமல் அவளை முறைத்தான்.

"இதுக்கு நாலுதாங்க. இது பேஸ் கிட்டார்."

"அப்படின்னா?"

"கீழ் சுதி வாசிக்கிறது."

"மேல் சுதி?"

"அதுக்கு வேற ஆளு இருக்காரு."

"ஓ... அப்ப உங்களுது பாதி வேலைதான்."

முறைத்துக்கொண்டிருந்த கண்ணுக்குள் சிரிப்பு எந்த வழியாக நுழைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நுழைந்துவிட்டது. கறுத்த, பெரிய கண்கள்... ஈரத்தில் இமைமுடியெல்லாம் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று குனிந்து கிட்டாரைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்ப்பதற்கு அதில் அவ்வளவு ஒன்றும் இல்லை.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி. பெரம்பலூரில் மெயின் ரோட்டை ஒட்டி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடிக்கும் அமிர்தசாமியின் தகரக் கொட்டகை. பெயிண்ட் வாங்கத் திருச்சிக்குப் போயிருந்த அமிர்தசாமியின் ஒரே மகள்தான் நம் புஷ்பம். வந்தவன் பெயர் ஆரோக்கியசெல்வம். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அரியலூரில் சிமெண்ட் கம்பெனி ஸ்டோரில் வேலை. சாயங்காலமானால் வேணுகோபாலின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பான். கிட்டார் அவனுடையது அல்ல, வேணுகோபால் மெட்ராஸில் பழையதாக வாங்கியது. வாங்கும்போதே தோல் உரிந்த கிழங்கு மாதிரி இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் பெரிய இடத்து ரிசப்ஷன். அதற்குள் தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது வேணுகோபாலின் உத்தரவு.

இவ்வளவையும் அவன் மழை விடும் வரை சொன்னான். மழையும் விடுவதாக இல்லை. ரூமில் தனியாகப் பாட்டுப் பதிவு செய்வதையும் சொன்னான். ரெண்டு டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிறானாம். சுவரெல்லாம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, முதலில் பேஸை ஒன்றில் பிடிப்பானாம். அதை ஓடவிட்டு, கூடவே தாளம் தட்டி, ரெண்டையும் சேர்த்து அடுத்ததில் பிடிப்பானாம். இப்படியே நாலு முறை செய்தால் நாலு பேர் வாசித்த மாதிரி வருமாம். ஒவ்வொரு தடவையும் டேப்பில் இரைச்சல் கூடிக்கொண்டே போவதுதான் தொந்தரவு, கடைசியில் மழை பெய்கிற மாதிரி கேட்கும் என்றான்.

"மழைப் பாட்டா எடுத்துட்டாப் போச்சு" என்றாள் அவள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "பாதி வேலைன்னு சொன்னீங்கள்ல... இங்க கைய வைங்க" என்றான்.

கொட்டகைக்குள் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்டுக்குத் தயாராக ஒரு பஸ் நின்றது. கிட்டாரின் தலைப்பாகத்தை அந்த பஸ்ஸின் தகரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். புஷ்பத்தின் உள்ளங்கைக்குக் கீழே தகரம் முழுக்க உறுமியது. முழங்கை வரை ஏறியது. இன்னொரு தட்டு... இன்னொன்று... பஸ்ஸே ஏதோ முனகிப் பாடுகிற மாதிரி. அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

'இத இவ்வளவு நேரம் எங்க வெச்சிருந்தான்...' என்று நினைத்தாள். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அரியலூர் செல்லமுத்து முதலாளியின் புது வண்டி அது. அமிர்தசாமிக்கு மூன்று வருஷமாகக் கை நடுக்கம். வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது ஸ்ப்ரே கன் அவர் கையில் இருக்கும். அவர்கள் டீ குடிக்கப் போனதும் மகள் கைக்கு வந்துவிடும். பெண் பிள்ளை அடித்தது என்று தெரிந்தால் எவன் வண்டியை விடுவான் என்பது அவர் பயம். இதுவரை கோடுகள், எழுத்து, ஓர வேலைகள் அவளுடையவை, பரந்த இடமெல்லாம் எப்படியோ அவர் சமாளித்துவிடுவார். இந்த வண்டியை மட்டும், முன் கண்ணாடியிலிருந்து பின் பம்பர் வரை, நீயே அடி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புஷ்பத்துக்குத் தூக்கத்திலும் அந்த பஸ்தான்.

கிட்டாருக்கு என்ன கலர் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிவப்பு என்றான், நீலம் என்றான். அவள்தான் சொன்னாள், நடுவில் மஞ்சள், போகப் போக அரக்கு, ஓரத்தில் கறுப்பு, ஒன்றுக்குள் ஒன்று கரைந்த மாதிரி. லாரி மட்கார்டில் நெருப்பு வரைந்து பழகிய கை. கம்பிகளைக் கழற்றி, சத்தத்தைப் பிடிக்கும் காந்தக்கட்டை இருக்கும் இடத்தில் நியூஸ் பேப்பர் ஒட்டி, பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். மறுநாள் பூராவும் அடைமழை. அந்த ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். வெள்ளிக்கிழமைதான் அடிக்க முடிந்தது. வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க அவன் வந்தபோது ஸ்ப்ரே கன் அவள் கையில் இருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்... கிட்டாரையா, அவளையா என்று சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து அவள் வரும்போதே கொட்டகை வாசலில் காத்திருந்தான்.

"இன்னும் காயலீங்க. நாலு நாள் காயணும்" என்றாள்.

"தொட்டா காஞ்ச மாதிரிதான இருக்கு?"

"மேல காஞ்சிருக்கு. உள்ள பச்சையா இருக்கு. கை சூடு பட்டா இளகிடும்."

ராத்திரி கச்சேரி, வேறு பேஸ் கிடையாது, வேணுகோபால் கொன்றுவிடுவார் என்று கெஞ்சினான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

"எடுத்துட்டுப் போறது உங்க இஷ்டம். ஆனா ஏதாவது ஆச்சுன்னா எங்க பேரு வரக்கூடாது."

"வராதுங்க... நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை மத்தியானம் செல்லமுத்து முதலாளியின் டிரைவர் சாமிக்கண்ணு வந்தார். பெயிண்ட் அடிக்காத பஸ்ஸை அப்படியே எடுத்துப் போகச் சொல்லி உத்தரவாம். ரிசப்ஷனே முதலாளி வீட்டு ரிசப்ஷன்தான். மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறார். கழற்றும்போது அவருடைய சந்தன நிறக் கோட் சூட்டில், வயிற்றுப் பக்கம் மஞ்சளும் அரக்குமாகப் பெயிண்ட் அப்பியிருந்ததாம். மண்டபமே சிரித்திருக்கிறது. வேணுகோபால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க, கிட்டார்காரன் எல்லார் முன்னாலும் சொன்னானாம், பெரம்பலூர் அமிர்தசாமி காயாமலே கொடுத்துவிட்டார் என்று.

புஷ்பத்துக்குக் காதில் விழுந்தது புரியச் சற்று நேரமானது. அவன் அப்படிச் சொன்னானா... அந்தக் கண்ணை வைத்துக்கொண்டா?

பஸ் ரிவர்ஸ் எடுத்து வெளியே போனது. அமிர்தசாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "இனிமே நீ கன்னைத் தொட வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் சரி என்றாள். கொட்டகைக்குள் பஸ் நின்ற இடம் மைதானம் போல் கிடந்தது. அழக்கூடாது என்று தகர டப்பாக்களைக் கழுவினாள், அழுதுகொண்டே கழுவினாள்.

புதன்கிழமை அவன் வந்தான். கையில் அல்வா பொட்டலம், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. கோட்டுக் கதையை வேடிக்கையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற யோசனை போலிருந்தது. அவளுடைய வீங்கிய கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இங்க ஒரு பஸ் நின்னுச்சே... ஞாபகம் இருக்கா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அது செல்லமுத்து மொதலாளி வண்டி. நான் மொத மொதலா முழுசா அடிக்கப் போற வண்டி. நீங்க சொன்ன ஒரு வார்த்தையில போயிடுச்சு."

வேணுகோபால் எல்லார் முன்னாலும் கேட்டதும் பயந்துவிட்டேன் என்றான். அது அவர் வண்டி என்று சத்தியமாகத் தெரியாது என்றான்.

"தெரிஞ்சிருந்தா மட்டும்தான் உண்மை சொல்லுவீங்களா?"

அவன் அல்வாவை டிரம் மேல் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் அப்படியே நடந்து போனான். பின்னாலிருந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பஸ் ஸ்டாண்டு திருப்பம் வரை பார்த்தாள்.

சனிக்கிழமை அந்த பஸ் திரும்பி வந்தது. முன் படியில் செல்லமுத்து முதலாளி இறங்கினார். பின் படியில் ஆரோக்கியசெல்வம்... வெறுங்கையோடு.

முதலாளி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. காயுமுன் கிட்டாரை அவசரப்பட்டு எடுத்துப் போனது தன் தப்பு என்று இந்தத் தம்பி பஸ் ஷெட்டுக்கு வந்து, டிரைவர் கண்டக்டர் எல்லாரும் இருக்கும்போதே சொன்னதாகச் சொன்னார். கச்சேரிப் பணம் வாங்க வந்த வேணுகோபாலும் அங்கே இருந்தாராம். கேட்ட கையோடு கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு, இனி குழுவுக்கு வராதே என்றுவிட்டாராம்.

"உங்க மேல தப்பு இல்ல அமிர்தசாமி. அது சரியாப் போச்சு. ஆனா அடிச்சது உங்க பொண்ணுன்னும் தம்பி சொல்லுது. அதுதான் எனக்கு இடிக்குது."

புஷ்பத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூடி மூடி வைத்ததை இவன் போய்த் திறந்துவிட்டானே! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிறானே... அவனைப் பார்த்தாள். அவன் இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தவில்லை.

அமிர்தசாமி வலது கையை முதலாளி முன்னால் நீட்டினார். விரல்கள் தானாக ஆடின.

"இந்தக் கையால கோடு வருமாங்க மொதலாளி? ஓடிட்டிருக்கற உங்க ரெண்டு வண்டியிலயும் கோடு, எழுத்து எல்லாம் இவ போட்டதுதான். மூணு வருஷமா எம்பேர சொல்லிக்கிட்டிருந்தேன். இவளோடதுங்க அது."

அப்பா யாரிடமும் அந்தக் கையைக் காட்டியதில்லை.

செல்லமுத்து தலையைச் சொறிந்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பொங்கலுக்கு முன்ன ரோட்டுல ஓடணும்" என்றார் கடைசியில். "பின்னால அடிச்ச ஆளு பேரைப் போட்டுடுங்க. வெளுத்துப் போனா யாருகிட்ட வந்து சண்டை போடறதுன்னு எனக்குத் தெரியணும்ல."

அவரும் அப்பாவும் டீக்கடைப் பக்கம் போனதும், அவள் அவனிடம் போனாள். கோபத்தைத் தேடினாள், பாதிதான் மிச்சம் இருந்தது.

"நான்தான் அடிச்சேன்னு உங்கள யாரு சொல்லச் சொன்னது?"

"அந்த கலர் மட்டும் அருமையா இருந்துச்சுன்னாரு மொதலாளி. அமிர்தசாமி கை அமிர்தசாமி கைதான்னாரு..." அவன் தடுமாறினான். "கேட்டுட்டு நிக்க முடியலீங்க. நீங்க அடிக்கிறத நான் பாத்தேன்ல."

மீதிப் பாதியும் போய்விட்டது. அவளுக்கே அவமானமாக இருந்தது, இவ்வளவு சுலபமாகவா போகும்?

அடுத்த வாரங்களில் அவன் வந்ததற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒன்றுகூட நம்புகிற மாதிரி இல்லை. குழு போனதில் வருத்தம் இல்லையா என்று ஒருநாள் கேட்டாள். இருக்கிறது, சாயங்காலமானால் விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று ஒளிக்காமல் சொன்னான். கிறிஸ்துமஸ் பூசைக்கு ஊர்க் கோயிலில் இரவல் கிட்டார் வாசித்தானாம். அமிர்தசாமி அவனை ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவனுக்கும் சேர்த்து டீ சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மார்கழிக் கடைசியில் பஸ் முடிந்தது. வெள்ளையும் பச்சையுமாக, வகிடு எடுத்த மாதிரி ஒரே கோடு முன்னாலிருந்து பின்னால் வரை. புஷ்பம் பின்பக்கம் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் மூலையில் எழுதினாள். பெயிண்டிங்: மரிய புஷ்பம், பெரம்பலூர். அவள் பெயரை அவளே எழுதுவதற்குக் கை இவ்வளவு கூசும் என்று அவள் நினைத்ததில்லை.

அவன் பின்னாலேயே நின்று படித்தான். வெகுநேரமாகப் படித்தான். நாலே சொல்லைப் படிக்க அவ்வளவு நேரமா?

"ஏங்க... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு" என்றான். "சுத்தி வளச்சுச் சொல்லத் தெரியல. அடுத்த வண்டியில அந்த ஊர் பேர மட்டும் மாத்தி எழுதறீங்களா... வரதராசன்பேட்டைன்னு?"

பிரஷ் நின்றது. காது மடல் சூடாகி, கன்னத்துக்கு இறங்கி... அவள் திரும்பவில்லை. பிரஷ்ஷை டர்பெண்டைனில் முக்கி, மெதுவாக அலசி, துணியில் துடைத்தாள். பிறகுதான் எழுந்து அவனைப் பார்த்தாள்.

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு" என்றாள். "ஆனா ஊர் மாறாதுங்க. எங்கொட்டகை இங்க இருக்கு. எங்கப்பா இங்க இருக்காரு. இப்பதான் எம்பேரு வந்திருக்கு, அத விட்டுட்டு வர மாட்டேன். வேணும்னா நீங்க இங்க வந்துடுங்க."

அவன் யோசிப்பான் என்று நினைத்தாள். யோசிக்கட்டும் என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக்கு வரட்டும்?" என்றான் அவன்.