ஏழு நாலு இறங்கியாச்சு

ஏரிக்கு மேல் வட்டமிடச் சொன்ன விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் பதில் சொல்ல, விமானத்தில் இருந்த டாக்டர் மைக் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அதற்குள் பதில் போய்விட்டது.

"ஏழு நாலு, ஏரி மேல வட்டம், உயரம் ரெண்டாயிரம் அடி."

ஏழு நாலு அவருடைய விமானத்தின் எண். ஹெட்போனில் கேட்டதும் அவருடைய குரல்தான். திக்கல் மட்டும் இல்லை.

"சரி," என்றார் அதிகாரி. "இன்னிக்குத்தான் உருப்படியா பேசறீங்க சார். மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"

பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார். பல் டாக்டர், ஞாயிறுகளில் மட்டும் விமானி. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவருக்கு, ரேடியோவில் அதிகாரி சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் அவர் திக்கியபோது மற்ற விமானிகளும் கேட்க இந்த அதிகாரி சிரித்த சிரிப்பு, சூடான எண்ணெயும் பழைய தோல் இருக்கையும் மணக்கும் இந்த விமானக் கூண்டுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

'அது நான் இல்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி சிரிப்பார். கட்டைவிரலை எடுத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று என்றுகூடத் தோன்றியது.

கீழே, ஓடுதள வேலிக்கு வெளியே வெள்ளைக் கார். அதில் சாய்ந்தபடி மனைவி. காலையிலேயே சொல்லியிருந்தாள்: "அந்தாளுக்குப் பயந்துக்கிட்டு மேலயே சுத்திட்டு இருக்காதீங்க. எனக்குப் பசிக்கும்."

இருபது நிமிடத்துக்கு எரிபொருள் இருந்தது.

"ஏழு நாலு, இறங்கலாம்."

அவர் வாயைத் திறந்தார்.

"இறங்கறேன், ஏழு நாலு," என்றது அந்தக் குரல்.

கீழே ஒரு விமானம் ஓடுதளத்தைத் தொட்டது. வாலில் அவரே அடித்த, சற்றுக் கோணலான நீலக் கோடு.

பொத்தானை அழுத்தினார். "ஏ... ஏழு நாலு. நான் இன்னும் மேலதான் இருக்கேன்."

இரைச்சல். பிறகு அதிகாரி: "யாருங்க அது? ஏழு நாலு இறங்கியாச்சு. லைன்ல விளையாடாதீங்க."

இடப்பக்கம் திருப்பினார். கீழே ஏரி. வலப்பக்கம் திருப்பினார். அதே ஏரி.

மறுபடி அழுத்தினார். எவ்வளவு கத்தியும் இரைச்சல் மட்டும்.

நீலக் கோட்டு விமானத்திலிருந்து ஒருவர் இறங்கினார். டாக்டர் போட்டிருந்த அதே சட்டை. டாக்டருடைய அதே நடை. மனைவி பையை வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் கண்ணுக்கு மேல் கைவைத்து வானத்தைப் பார்த்தாள்.

ஹெட்போனில், காதோடு காதாக, அவருடைய குரல்.

"அங்க என்ன பாக்கறே? வா, போலாம். பசிக்கும்னியே."

கார்க் கதவு சாத்தும் சத்தம்.

எரிபொருள் முள் அடியைத் தொட்டது. இன்ஜின் நின்றது.

ஏரிக்கு மேல் வட்டம் நிற்கவில்லை.