இரண்டாவது தம்ளர்

மேஜை மேல் ஓர்னெல்லா வைத்திருந்த இரண்டு தம்ளர்களில் ஒன்று காலியாக இருந்தது.

மாடி ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவள் இறங்கி வருவதற்குள் இது நடந்திருந்தது. ரொட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. எண்ணெய் விளக்கு ஆடாமல் எரிந்தது. இறந்துபோன கணவர் அமதேயோவின் தம்ளரில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. பக்கத்துத் தம்ளரில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. விளிம்பில் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தது.

மகள் நொயெமி அதே மேஜையில் சாலை வரைபடத்தை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பொலோஞ்ஞாவிலிருந்து காரோட்டி வந்தவள் இன்னும் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இந்தத் தண்ணியை யாருடி குடிச்சது?”

“நான்தான். ஒரே தாகம். அப்பா தம்ளரைத் தொடலைம்மா, பயப்படாதே. இது எனக்காக வெச்சதுன்னு நினைச்சேன்.”

ஓர்னெல்லா அந்தத் தம்ளரை மகளிடமிருந்து தள்ளி வைத்தாள்.

மொந்தெஃபால்கோ என்ற இந்த இத்தாலிய மலையூரில் நவம்பர் முதல் தேதி இரவு இறந்தவர்களுக்கு மேஜை போடுவார்கள். ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர், ரொட்டி, ஒரு விளக்கு. விடியுமுன் எழுந்து படுக்கைகளைப் புதிதாக விரித்துவிட்டு வீட்டார் வெளியே போய்விட வேண்டும். வந்தவர்கள் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போகட்டும் என்று. அந்தத் தண்ணீரை உயிரோடிருப்பவர்கள் தொடமாட்டார்கள். தொட்டால், வந்தவர்கள் தங்கள் ஆள் என்று கூட்டிப் போய்விடுவார்களாம்.

இந்த வீட்டில் தம்ளர் வைக்க வேண்டியது ஏப்ரலில் போன அமதேயோவுக்கு மட்டும்தான். இரண்டாவதை ஓர்னெல்லா தனக்கு வைத்துக்கொண்டாள். படுக்கப் போகும் முன் குடித்துவிடுவதாக இருந்தாள். அமதேயோ, நீரே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போம், இந்த வீட்டில் தனியாக என்னால் முடியவில்லை. இதைப் பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

“விடியக்காலையிலேயே கிளம்பிடலாம்,” என்றாள் நொயெமி. “எப்படியும் படுக்கையை அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கணுமே. முதல்ல ஸ்பெல்லோ. ராத்திரி தோதியில தங்கல். மறுநாள் ஓர்வியேத்தோ. அப்பா போட்ட அதே வழி.”

வரைபடத்தில் பேனா பட்டால் அமதேயோவுக்கு ஆகாது. ரொட்டியைப் பிட்டு ஒவ்வொரு மலையூர் மேலும் ஒரு துணுக்கு வைத்துக்கொண்டே போவார். திட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, “பெட்ரோல் செலவே இல்லாம ஊர் சுத்தியாச்சு பாரு,” என்பார். படுத்த படுக்கையான பிறகும் போர்வை மேல் வரைபடமும் துணுக்குகளும் கிடந்தன. மகள் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, மூன்று நாள் பயணம். பாவம், அந்த ஆசை நிறைவேறவே இல்லை.

“நாளைக்கு வேண்டாம்டி. மூட்டமா இருக்கு.”

“நவம்பர்ல மூட்டம் இல்லாம வெயிலா கொளுத்தும்? நீ ரொட்டிக்கடை தாண்டி எங்கேயாவது போய் எத்தனை மாசமாச்சு? வரலேன்னா டிக்கியில போட்டுப் பூட்டிக் கூட்டிட்டுப் போவேன்.”

சிரித்தபோது அவள் மூக்கு அப்பாவின் மூக்கைப் போலவே சுருங்கியது. சொல்லிவிடலாம் என்று ஓர்னெல்லா வாயைத் திறந்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மகள் வரைபடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். ஓர்னெல்லா அந்தத் தம்ளரைத் திரும்ப நிரப்பினாள். ஒரே மூச்சில் குடித்தாள். வெறும் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கணவரின் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: “என்னைத்தான். அவளை இல்ல.”

படுத்த பிறகும் கண் மூடவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் மரக்கதவு இடுக்கு வழியாக உள்ளே கசிந்து, ஈரக் கம்பளி வாடையும் யார் வீட்டிலோ சுட்ட செஸ்நட் கொட்டையின் கருகல் வாடையுமாக அறையை நிறைத்துக்கொண்டிருக்க, கீழே சமையலறையின் கல்தரையில் ஒரு நாற்காலி, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல மெல்ல நகர்ந்தது. ஓர் இருமல். பிறகு அவர் எப்போதும் வாயில் அடக்கியிருக்கும் சோம்பு மிட்டாயின் மணம்.

வந்துவிட்டாரே என்று நெஞ்சு பொங்கியது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

காலடிகள் மாடிப்படி ஏறின. வாரும், இதோ இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கதவருகே வந்தன. நிற்கவில்லை. நொயெமியின் அறைவரை போய் நின்றன.

ஓடிப் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. மகள் குழந்தைபோல வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி சூடாக இருந்தது, உயிருள்ள சூடு. எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விடியுமுன் நொயெமி காரைச் சூடேற்றப் போனாள். ஓர்னெல்லா மாடியில் வெள்ளை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். இந்தப் படுக்கையை விரித்ததும் இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

வாசலில் மகளின் குரல் கேட்டது.

“அட, அதுக்குள்ள இறங்கிட்டியா! உன்னைக் கெஞ்சணும்னு நினைச்சேன்மா. படி வழுக்குது, கையைப் பிடிச்சுக்கோ.”

விரிப்பு கையிலிருந்து நழுவியது.

கீழே ஓடினாள். ஆணியில் அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு இல்லை. தலைத்துணி இல்லை. சோம்பு மணம் மட்டும்.

மேஜை. அமதேயோவின் தம்ளர் காலி. அவள் குடித்து வைத்த தம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது.

வரைபடத்தில் ரொட்டித் துணுக்குகள். ஸ்பெல்லோவில் ஒன்று. தோதியில் ஒன்று. ஓர்வியேத்தோவில் இல்லை. அங்கே போகிற வழியில், கொர்பாரா ஏரியின் நீலத்தின் மேல் கடைசித் துணுக்கு. ஈரமாக.

ஜன்னலைத் திறந்தாள். மூட்டத்துக்குள் கார் விளக்குகள். உள்ளே நொயெமி குனிந்து, பக்கத்தில் தலைத்துணியை முகம் மறைய இழுத்துவிட்டிருந்த உருவத்துக்கு இருக்கைப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“கை ஏன்மா இப்படி ஜில்லுனு இருக்கு? ஹீட்டர் போடறேன், இரு.”

“நொயெமி! அது நான் இல்லைடி! நொயெமி!”

எஞ்சின் உறுமியது. கார் சரிவில் இறங்கியது.

பக்கத்து இருக்கையிலிருந்து, வழி காட்ட, ஒரு கை மெல்ல உயர்ந்தது. கோட்டின் கை மணிக்கட்டுவரை எட்டவில்லை. அது ஓர்னெல்லாவின் அளவுக்குத் தைத்தது.