இடப்பக்கத்து இருமல்

மூன்றாம் தடவை தட்டைப் போட்டபோதும் இருமல் இடப்பக்கத்தில்தான் கேட்டது.

அதுதான் பத்மகுமாருக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய இடக்காது செத்து இரண்டு வருடம் ஆகிறது. நாகர்கோவில் டாக்டர் ஒருவருக்கும் மனைவி வடிவாம்பாளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி அது. மற்ற உலகத்துக்கு அவர் 'பொற்செவி' பத்மகுமார். மறுபதிப்பாக வரும் பழைய கச்சேரி இசைத்தட்டுகளின் ஒலித்தரத்துக்கு மார்க் போடுகிறவர். 'தம்புராவின் ஈரம் இடக்கன்னத்தைத் தொடுகிறது' என்று எழுதுவார். ஈரம் எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கேட்டவருக்குக் காது இல்லை என்று ஆகிவிடும். எந்தத் தட்டுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: 'அன்று பாடியவர் இன்று நம் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.'

வெளியே சுசீந்திரத்து வயல்களின்மேல் ஐப்பசி மழை, மத்தியானத்தையே இருட்டாக்கிக்கொண்டு, ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. அறைக்குள் நனைந்த சாக்கின் வாசனை, சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி வாசனை, அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ மெலிதாக, வெற்றிலையும் பன்னீரும் கலந்த ஒரு பழைய கல்யாண வீட்டு வாசனை. அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

சோபாவின் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து ஆன்ட்ரூசுக்குப் போன் போட்டார். குழித்துறையில் அறை பிடித்து, பழைய பதிவுகளின் இரைச்சலை நீக்கிக் கொடுப்பவன். இந்தத் தட்டும் அவன் கைவேலை.

"ஏலே மக்கா, இரண்டாம் பக்கத்துல ஒரு இருமல் கிடக்கே, கேட்டியா?"

"இருமலா? அண்ணாச்சி, அது பூட்டின அறையில பாடினதாக்கும். பாகவதர், பிடில், மிருதங்கம், மூணே பேரு. கேக்கதுக்கு ஒருத்தன் கிடையாது."

"இடப்பக்கம் கேக்குடே."

ஆன்ட்ரூஸ் சிரித்துவிட்டான். "அது மோனோ அண்ணாச்சி. எல்லாச் சத்தமும் ஒரே இடத்துலேருந்துதான் வரும். அதுல ஏது இடமும் வலமும்? காதுல தண்ணி கிண்ணி போச்சா?"

"உனக்குக் கேக்காதுடே. அதுக்குச் செவி வேணும்," என்று வைத்துவிட்டார். காது விஷயம் வெளியே வந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை விழாவில் போர்த்த இருக்கும் பொன்னாடை போகும்; இருபது வருடப் பெயரும் போகும்.

வடிவாம்பாள் எட்டிப் பார்த்தாள். "ஒத்தக் காதை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளு இந்த வேஷம்? முடியல்லன்னு எழுதிப் போட்டா என்ன?"

"நீ போய்க் காப்பியப் போடு."

விமர்சனத்தில் ஒரு வரி கூட்டினார்: 'இடப்பக்கத்தில் ஒரு ரசிகரின் இருமல்கூட உயிரோடு இருக்கிறது. அவரும் நம் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.'

அனுப்பினார். போய்விட்டது.

உடனே கரண்டும் போனது. தட்டு இழுத்து, முனகி, நின்றது.

இருமல் நிற்கவில்லை.

இப்போது இன்னும் கிட்டே. நெஞ்சுச்சளி புரளும் சத்தம்கூடக் கேட்டது. வலக்காதில் மழை மட்டும். அந்தக் காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். மழை நின்றது. வீடு அடங்கியது.

இடக்காதில் மூச்சு. இழுத்தது. விட்டது. சூடான வெற்றிலை வாசனை.

திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

வடிவாம்பாள் காப்பியோடு வாசலில் வந்து நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. அவள் பார்வை அவர்மேல் இல்லை. அவருக்கு இடப்புறம், சோபாவின் காலி இடத்தில். தம்ளர் நழுவியது. சத்தமில்லாமல் உருண்டது.

சோபா அந்தப் பக்கம் மெல்ல அமுங்கியது.

அவருடைய இடத்தொடையில், குளிர்ந்த உள்ளங்கை ஒன்று தாளம் போடத் தொடங்கியது.

ஒரு அடி. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.