அசலா... வட்டியா..?

"ஐயோ..!"

காலையில் புளி பொறுக்க வந்த மாதம்மாளின் அலறல் ஜவ்வாது மலையின் கொண்டை ஊசி வளைவில் எதிரொலித்தது.

பள்ளத்தில் வனத்துறை ரேஞ்சர் பஞ்சாட்சரம்! பக்கத்தில் நசுங்கிய புல்லட் பைக். பின்னந்தலையிலோ... இரும்பால் அடித்த காயம்!

விபத்தில்லை. கொலை!

மத்தியானம். ஜமுனாமரத்தூரில் ரேஞ்சரின் வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் நுழைந்த சற்று நேரத்தில் வாசலில் ஓர் அம்பாஸிடர் நின்றது.

இறங்கியவன் கோவிந்தன். திருப்பத்தூர் புளி மண்டிக்காரன்.

"ரஞ்சிதம்மா, சாவு வூட்டுல பேசக்கூடாதுதான்... இந்த வூட்டைக் கட்ட, வூட்டையே அடமானம் வெச்சு உங்க வூட்டுக்காரர் வாங்கின அசல் இருபதாயிரம் அப்படியே நிக்குது. கருமாதி முடிஞ்சதும் குடுங்க. இல்லன்னா வூட்டைக் காலி பண்ணிடுங்க."

ரேஞ்சரின் மனைவி ரஞ்சிதம் அழுகைக்கிடையே சீறினாள்.

"இன்னாய்யா மனுசன் நீ! பொணமே இன்னும் ஆஸ்பத்திரிலேர்ந்து வரல!"

இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"வட்டி மட்டும் கட்டிக்கிட்டு வா, அசலைக் கடைசில குடுன்னு சொன்னவரு இவருதான் சார். அஞ்சு வருசமா மாசம் ஐநூறு கட்டினோம். வூட்டோட முன்பக்கத்தை வாடகைக்கு வுட்டிருக்கோம். அந்த வாடகைக்கு வரி வருது, இந்த வருசம் வட்டியைக் கழிச்சுக் காட்டப்போறேன்னு எங்க வூட்டுக்காரர் சொன்னாரு..."

"காட்டலாமே! அசலைத்தான் கழிக்க முடியாது. வட்டியைக் கழிக்கலாம். ஆனா..." தாண்டவராயன் மீசையைத் தடவினார். "வட்டியை யாருக்குக் கட்டினோம்னு சொல்லணும். அப்புறம் இன்கம்டாக்ஸ்காரங்க வட்டி வாங்கினவர் கதவைத் தட்டுவாங்க. இல்லீங்களா மண்டிக்காரரே?"

கோவிந்தனின் முகம் வெளுத்தது.

"வட்டியா..? ஒத்தப் பைசா வாங்கல சார்! சிநேகிதத்துக்குக் குடுத்த பணம். அவரைப் பாத்தே ஒரு மாசம் ஆச்சு!"

"அப்ப மாசா மாசம் வாங்கின ஐநூறு?"

கோவிந்தனின் பார்வை வாசல் பக்கம் போனது.

"வட்டி இல்லன்னா அசல்தானே? இருபதாயிரத்துக்கு முப்பதாயிரம் கட்டியாச்சு. ரஞ்சிதம்மா, வூடு உங்களுது! இவர்தான் உங்களுக்குப் பத்தாயிரம் திருப்பித் தரணும்!"

"பத்தாயிரமா!" கோவிந்தன் துள்ளினான். "அநியாயம் சார்! அத்தனையும் வட்டி! அசல்ல ஒரு பைசா கழியல! வட்டின்னு எங்கேயும் காட்டாதேன்னு காலைலகூட அந்த வளைவுல நிறுத்தி, கால்ல வுழாத குறையா கெஞ்சினேன்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

ரஞ்சிதத்தின் அழுகை நின்றது.

"காலைலயா..?" தாண்டவராயன் மெல்லக் கேட்டார். "பாத்தே ஒரு மாசம் ஆச்சுன்னீங்க?"

கோவிந்தன் வாசலுக்குப் பாய்ந்தான்! அங்கே நின்றிருந்த கான்ஸ்டபிள் தீர்த்தகிரி காலை நீட்ட... தடுக்கிக் குப்புற விழுந்தான்.

அம்பாஸிடரின் டிக்கியைத் திறந்தார்கள். ரத்தம் காய்ந்த ஜாக்கி ராடு!

ஜீப்பில் ஏற்றும்போதும் கோவிந்தன் அரற்றினான்.

"சார்... வட்டியை ஒத்துக்கிட்டேனே... எவ்ளோ வரி போடுவாங்க..?"

"பயப்படாதீங்க மண்டிக்காரரே! ஜெயில்ல குடுக்கிற கூலி, வரி போடற அளவுக்கெல்லாம் தேறாது!"